இடப்பக்கம் இழுத்த வண்டி

பட்டறையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ஸ்கேனர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். முன்பலகையில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கைக் காட்டிக்கொண்டு ஏதாவது கார் உள்ளே நுழைந்தால், முதலாளி தன் அறையில் இருந்தபடியே ஸ்கேனரை வரச் சொல் என்பார். கருவியைக் கேட்கிறாரா ஆளைக் கூப்பிடுகிறாரா என்று புதிதாக வேலைக்கு வந்தவர்கள் விழிப்பார்கள். இரண்டும் சேர்ந்தேதான் வரும். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒயரைச் செருகி, திரையில் ஓடுவதைப் படித்துவிட்டு, கோளாறு இன்ன இடத்தில் என்று அவள் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அங்கே பேச்சில்லை. சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

அவளுடைய அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். மனைவி இறந்த பிறகு கடையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, மகள் வீட்டின் கீழ்த்தளத்தில் வந்து தங்கினார். மாடியில் மகளும் மருமகனும். கடை போனாலும் தொழில் அவரை விடவில்லை. தெருவில் யாருடைய கண்ணாடிக்குக் காதுக்கம்பி உடைந்தாலும், திருகாணி கழன்று விழுந்தாலும், அவருடைய ஜன்னலோர மேசைக்குத்தான் வந்து சேரும். அரிசி முனையளவு திருகாணியை இடுக்கியால் தூக்கி ஒரே தடவையில் துளையில் உட்கார வைப்பார். ஊர்க்காரர்கள் பார்வையை எல்லாம் நேராக்கிவிட்டேன், உன் புருஷனுக்கு மட்டும் அலமாரியில் இருக்கிற உப்பு டப்பா இன்னும் கண்ணில் படுவதில்லை என்று மகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

அவரிடம் ஒரு பழைய நீலக் கார் இருந்தது. அது பெரும்பாலும் ஒரே இடத்துக்குத்தான் போய்வரும். மலைச்சாலை ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம். அங்கேதான் அவருடைய அண்ணன் இருந்தார். பக்கவாதம் வந்து பெரியப்பாவுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. மிச்சம் நின்றது ‘போடா’ என்ற ஒரே சொல். பசித்தாலும் போடாதான், சந்தோஷம் என்றாலும் போடாதான். எந்தப் போடாவுக்கு என்ன அர்த்தம் என்று தம்பிக்கு மட்டும் தெரியும். இல்லத்துப் பணியாளர்கள் சவரம் செய்ய வந்தால் பெரியப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். தம்பி வந்தால் கழுத்தை நீட்டிக் காட்டுவார். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் அப்பா மலையேறிப் போய், அண்ணனுக்கு நுரை தடவிச் சவரம் செய்தபடி தெருக்கதை எல்லாம் சொல்லிவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிடுவார். வெயில், மழை என்று அவர் சாக்குச் சொல்லி அவள் கேட்டதில்லை.

ஒருநாள் அண்ணனை வெளியே அழைத்துப் போனபோது ஒரு பாத்திரம் சூப் முழுவதும் காருக்குள் கொட்டிவிட்டது. துடைத்தும் நாற்றம் போகவில்லை. காரின் உட்புறத்தைக் கழுவித் தரும் கடை ஒன்றில் விட்டார் அப்பா. அவர்கள் இருக்கைகளைக் கழற்றி, தரைவிரிப்பை உரித்தெடுத்துக் கழுவி, காயவைத்து, திரும்பப் பொருத்திக் கொடுத்தார்கள். கார் புதுசுபோல மணத்தது.

அதற்குப் பிறகுதான் அப்பா அந்தப் பேச்சை எடுத்தார். மலைச்சாலையில் வலப்பக்கம் வளைகிற இடங்களில் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது என்றார்.

அவள் காரைப் பட்டறைக்குக் கொண்டுவரச் சொல்லி ஒயரைச் செருகிப் பார்த்தாள். திரை சுத்தமாக இருந்தது. ஒரு பழுதும் பதிவாகவில்லை. அப்பா பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர்களுக்குச் சொல்வதைப்போலவே அவருக்கும் சொன்னாள். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சென்சார் இருக்கிறது, அது சக்கரம் சுற்றும் வேகத்தைச் சொல்லும். ஸ்டியரிங்கில் ஒன்று, நீங்கள் எவ்வளவு திருப்புகிறீர்கள் என்று சொல்லும். காரின் நடுவே, தரையோடு தரையாக இன்னொன்று, வண்டியின் உடம்பு உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்று சொல்லும். உள்ளே இருக்கும் கணினி இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஓட்டுகிறவர் கேட்டதும் வண்டி செய்வதும் ஒத்துப்போனால் அது சும்மா இருக்கும். ஒத்துப்போகாவிட்டால் வண்டி சறுக்குகிறது என்று முடிவுகட்டி, எந்தச் சக்கரத்தைப் பிடித்தால் நேராகுமோ அந்த ஒரு சக்கரத்துக்கு மட்டும் தானாகவே பிரேக் போடும். அப்போது ஒரு மஞ்சள் விளக்கு சிமிட்டும்.

அப்பா கடைசி வரை கேட்டுவிட்டு, தரைவிரிப்பைக் கழுவிக் கொண்டுவந்த பிறகுதான் இப்படி என்றார்.

“கம்பளத்தைத் துவைச்சா வண்டி திரும்பாமப் போயிடுமாப்பா?” என்று அவள் சிரித்தாள்.

பக்கத்தில் டயர் மாற்றிக்கொண்டிருந்தவரும் சிரித்தார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவள் காரை எடுத்துப் பட்டறைக்குப் பின்தெருவில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஒன்றும் தெரியவில்லை. அந்த மெதுவான வேகத்தில், அந்த அகலத் தெருவில் ஒன்றும் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். மலைக்குப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். வாசலில் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. முதலாளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிச் சாவியை அப்பாவின் கையில் கொடுத்தாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியப்பாவைப் பார்க்க அவளும் கூடப் போனாள். ஏற்றத்தில் மூன்றாவதோ நான்காவதோ வளைவு. அப்பா வலப்பக்கம் திருப்பினார். வண்டி பாதி திரும்பி, ஏதோ நினைத்துக்கொண்டதுபோல இடப்பக்கம் உதறியது. அப்பா வெடுக்கென்று இன்னும் திருப்பினார். மஞ்சள் விளக்கு படபடவென்று சிமிட்டியது. பார்த்தியா, பார்த்தியா என்றார் அப்பா. அவர் நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது.

அவள் பார்த்தாள். ஆனால் அவள் கண்ணில் பட்டது அந்தக் கைகள்தான். தாமதமாகத் திருப்பி, பிறகு அவசரமாக இழுத்த கைகள். விளக்கு சிமிட்டினால் வண்டி ஓட்டுகிறவரைக் காப்பாற்றுகிறது என்று அர்த்தம். இத்தனை வருடங்களாக அவள் அப்படித்தான் படித்திருந்தாள், மற்றவர்களுக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தாள். திரும்பி வரும்போது அவளே ஓட்டினாள். இறக்கத்தில் முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்ததால் வளைவுகளில் எல்லாம் மெதுவாகத்தான் வர முடிந்தது. விளக்கு ஒருதடவைகூடச் சிமிட்டவில்லை. வீட்டுக்கு வந்து கணவனிடம் மட்டும், அப்பாவுக்கு வயசாகிவிட்டது என்றாள்.

அதற்கு அடுத்த மாதம் கார் ஒரு வளைவின் வெளிப்பக்கத் தடுப்புக் கம்பியில் உரசி நின்றது. கம்பி மட்டும் இல்லாவிட்டால் கீழே பள்ளம். இடப்பக்கக் கதவுகள் இரண்டும் முன்னிருந்து பின்வரை கிழிந்திருந்தன. அப்பாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அந்தக் காரை அவர் தானே ஓட்டிக்கொண்டு வீடுவரை வந்திருந்தார்.

அன்று சாயங்காலம் கீழே போய் அவர் முன்னால் உட்கார்ந்தாள். கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தாள். ஊருக்கே கண் பார்த்தவரிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன பிறகுதான் உறைத்தது. அப்பாவின் முகம் சுண்டிப்போனது.

“நான் திருப்பறேம்மா. அதுதான் திரும்ப மாட்டேங்குது. யாரோ பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சு இழுக்கற மாதிரி இருக்கு” என்றார்.

“வண்டி பொய் சொல்லாதுப்பா.”

அவர் அவளைப் பார்த்தார். அப்படியென்றால் நான் பொய் சொல்கிறேனா என்று கேட்பார் என்று அவள் காத்திருந்தாள். கேட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். வாக்குவாதம் முற்றி, சரி வாருங்கள், மலைக்கே போய்ப் பார்த்துவிடுவோம் என்றுகூட எழுந்திருப்பாள். அவர் கேட்கவில்லை. சட்டைப்பையில் இருந்த சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். ஞாயிறுதோறும் நான் கூட்டிப் போகிறேன், பெரியப்பாவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் என்று அவள் வாக்குக் கொடுத்தாள்.

கதவுகளை மாற்றி, காரைப் பட்டறை வழியாகவே விற்றாள். வாங்கியவர் ஒரு நீச்சல் பயிற்சியாளர். நகரத்து நீச்சல்குளத்தில் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கிற பெண்மணி. நல்ல வண்டி, அப்பா பார்த்துப் பார்த்து வைத்திருந்தது என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

முதல் சில ஞாயிறுகள் தவறாமல் போனார்கள். பிறகு ஒரு ஞாயிறு பட்டறையில் அவசர வேலை. இன்னொரு ஞாயிறு கணவனுக்குக் காய்ச்சல். அடுத்த வாரம் போகலாம்பா என்று சொல்வது நாக்குக்குப் பழகிவிட்டது. அப்பா ஒருநாள் தானே புறப்பட்டு, இரண்டு பஸ் மாறி, இறங்கிய இடத்திலிருந்து இல்லம்வரை ஏற்றத்தில் நடந்து போயிருக்கிறார். திரும்பி வந்தபோது உதடு வெளுத்திருந்தது. மகள் போட்ட சத்தத்தில் அதன் பிறகு அவர் அப்படிப் போகவில்லை.

கடைசியாகச் சேர்ந்து போனது ஒரு மழைக்கால மதியம். அவள் அறை வாசலில் நின்று பட்டறைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். உள்ளே அப்பா அண்ணனுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். வழக்கமான தெருக்கதை இல்லை.

“எனக்குக் கண்ணும் போச்சு, கை நிதானமும் போச்சுண்ணே. வண்டியை வித்தாச்சு. முன்ன மாதிரி வர முடியாது” என்று சொல்வது காதில் விழுந்தது.

“போடா” என்றார் பெரியப்பா.

அப்பா சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் சிரித்ததைக் கேட்டு அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இனி இதைப் பழகிக்கொள்வார் என்று நினைத்தாள்.

பெரியப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று இல்லத்திலிருந்து போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்றாள் அவள். ஞாயிறு வருவதற்குள் முடிந்துவிட்டது. அவளும் அப்பாவும் இல்லத்துக்குப் போனபோது அவரை வெள்ளைத் துணி போர்த்திப் படுக்க வைத்திருந்தார்கள். கன்னம் முழுக்க வெள்ளைத்தாடி வளர்ந்திருந்தது. நாங்கள் எவ்வளவோ முயன்றோம், முகத்தைத் திருப்பிக்கொண்டார், சரி, அவர் இஷ்டம் என்று விட்டுவிட்டோம் என்று செவிலி சொன்னார். அப்பா அந்தத் தாடியை ஒருதரம் புறங்கையால் தடவினார். அப்புறம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

அதன் பிறகு அவர் ஒவ்வொன்றாக விட்டார். தெருவிலிருந்து யாராவது உடைந்த கண்ணாடியோடு வந்தால், என் கை இப்போது சரியில்லை, கடையில் கொடுத்துவிடுங்கள் என்று திருப்பி அனுப்பினார். ஏணியில் ஏறுவதில்லை. பல்பு போனால் மருமகன் வரும்வரை இருட்டில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது, சிந்துகிறதா பார் என்று மகளைக் கேட்டார். சிந்தவில்லை. வயதானால் இப்படித்தான் என்று அவள் எண்ணிக்கொண்டாள். மனசு கேட்கவில்லைதான். ஆனாலும், தடுப்புக் கம்பியையும் பள்ளத்தையும் நினைத்து, நாம் செய்தது சரி என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

ஒரு வருடத்துக்கும் மேல் ஆகியிருக்கும். ஒரு காலைநேரம் அந்த நீலக் கார் பட்டறைக்குள் வந்தது. நீச்சல் பயிற்சியாளர் இறங்கினார். இவ்வளவு நாளும் நகரத்துக்குள்ளேயே ஓட்டியதால் ஒன்றும் தெரியவில்லையாம். இப்போது மலைக்கு அந்தப் பக்கம் புதிதாகத் திறந்த நீச்சல்குளத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். தினமும் மலைச்சாலையில் போக வேண்டியிருக்கிறது.

“ரைட்ல வளையும்போது லெஃப்ட்ல இழுக்குதுங்க. யாரோ கையைப் பிடிச்சு இழுக்கற மாதிரி” என்றார்.

அந்தப் பெண்மணிக்கு முப்பது வயதிருக்கும். தினமும் நீந்துகிற உடம்பு, உறுதியான தோள்கள். கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொல்ல யாருக்கும் தோன்றாது.

ஒயரைச் செருகினாள். பழுது எதுவும் பதிவாகவில்லை. கருவியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து, வாருங்கள், மலைக்குப் போவோம் என்றாள். எங்கே போகிறாய் என்று முதலாளி கேட்டபோது வண்டி வாசலைத் தாண்டியிருந்தது.

திரையில் இரண்டு கோடுகள் ஓடின. ஒன்று ஸ்டியரிங் சொல்வது, மற்றது தரையில் உள்ள சென்சார் சொல்வது. இடவளைவுகளில் இரண்டும் ஜோடி போட்டுக்கொண்டு ஏறி இறங்கின. வலவளைவு வந்தது. வண்டி சாய்ந்தது. இரண்டாவது கோடு மட்டும் திடீரென்று திரையின் உச்சியைத் தொட்டுவிட்டு விழுந்தது. வண்டி உண்மையில் அப்படிச் சுழலவே இல்லை. ஆனால் சுழல்கிறது என்று சென்சார் சொன்னது, கணினி நம்பியது, சுழற்சியை நிறுத்த முன்னால் இருக்கிற இடச்சக்கரத்தைப் பிடித்தது. கார் உதறிக்கொண்டு தடுப்புப் பக்கம் நகர்ந்தது. மஞ்சள் விளக்கு சிமிட்டியது. அவள் ஓட்டுகிறவரின் கைகளைப் பார்த்தாள். அவை வெடுக்கென்று திருப்பின, பிறகு அவசரமாக இழுத்தன. எந்தக் கையாக இருந்தாலும் அதைத்தான் செய்யும்.

பட்டறைக்குத் திரும்பியதும் அவளே இருக்கைகளைக் கழற்றினாள். உதவிக்கு வந்தவரைப் போகச் சொல்லிவிட்டாள். தரைவிரிப்பை உரித்தாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி; அதுதான் அந்தச் சென்சார். வண்டியின் உடம்போடு உடம்பாக இறுகியிருந்தால்தான் அது வண்டியின் அசைவைச் சொல்ல முடியும். அதைப் பிடித்திருக்க வேண்டிய போல்ட்டுகளில் ஒன்றைக் காணவே காணோம். இன்னொன்று பாதிதான் முடுக்கியிருந்தது. விரலால் தொட்டாள். பெட்டி ஒருபக்கமாகச் சாய்ந்து ஆடியது. விரிப்பைக் கழுவியவர்கள் பெட்டியைக் கழற்றிவிட்டு, அவசரத்தில் மறுபடி சரியாக முடுக்காமல் மூடியிருக்கிறார்கள். வலவளைவில் வண்டி சாயும்போதெல்லாம் பெட்டியும் ஆடியிருக்கிறது. தன் ஆட்டத்தையே வண்டியின் ஆட்டம் என்று சொல்லியிருக்கிறது. சென்சாருக்குள் எந்தக் கோளாறும் இல்லாததால் திரையில் பழுது என்று எதுவும் வரவில்லை.

தரைவிரிப்பைக் கழுவிய பிறகுதான் இப்படி என்று அப்பா சொன்னார். அதே இடத்தில் நின்றுதான் சொன்னார்.

புது போல்ட்டுகள் போட்டு இறுக்கினாள். கருவியை வைத்துச் சென்சாரின் அளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். மறுபடி மலைக்குப் போய் வந்தார்கள். கார் கயிறு பிடித்ததுபோல வளைந்தது. நீச்சல் பயிற்சியாளர் பெருமூச்சு விட்டு, “நல்லவேளை. எனக்குத்தான் ஓட்டத் தெரியலையோன்னு பயந்துட்டேன்” என்றார். அவள் அவரிடம், உங்கள்மேல் ஒரு தப்பும் இல்லை, வண்டியில் இருந்த கோளாறு தெரியாமல் விற்றுவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். அதைச் சொல்வது கஷ்டமாக இல்லை. சொல்ல வேண்டிய ஆள் வேறு.

மதியமே வீட்டுக்குப் போனாள். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மேசை காலியாக இருந்தது. என்னம்மா இந்த நேரத்தில், உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அவள் நின்றபடியே சொன்னாள். கார் வந்ததை, மலைக்குப் போனதை, போல்ட்டை, ஒன்றுவிடாமல் சொன்னாள். விவரமாகச் சொன்னால் பாரம் குறையும் என்று எங்கேயோ ஒரு நினைப்பு. குறையவில்லை.

அப்பா கவனமாகக் கேட்டார். எந்தப் பக்கத்துப் போல்ட் என்று கேட்டார். சொன்னாள். அந்தப் பெட்டி எவ்வளவு பெரியது என்று கேட்டார். விரலால் அளவு காட்டினாள். அவர் தன் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்து, யாருடையதோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ நம்பாததுகூடப் பரவாயில்லைம்மா. கொஞ்ச நாள்ல நானே என்னை நம்பலை. அதுதான்…” என்றார்.

அவள் அழுதாள். அவர் தடுக்கவில்லை, பக்கத்தில் வரவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, மேலே போய்ப் படுத்துக்கொள் என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு சில வாரங்கள் கேட்டதற்குப் பதில் என்பதோடு நிறுத்திக்கொண்டார். தட்டை வைத்தால் சாப்பிட்டார். அவள் கீழே வந்து உட்கார்ந்தால் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். அவள் வந்து உட்காருவதை நிறுத்தவில்லை.

மறுபடி பேச்சு வந்தது மழை ஓய்ந்த ஒரு மாலையில், அதுவும் அவரே தொடங்கியது. அந்த அம்மாவின் வண்டி இப்போது எப்படி ஓடுகிறது என்று கேட்டார். நன்றாக ஓடுகிறதாம் என்றாள். சரி என்றார். அவர் குரலில் பழைய இளக்கம் கொஞ்சம் இருந்தது. அந்தத் தைரியத்தில், மனதில் பல நாளாகப் புழுங்கியதைச் சொன்னாள். பட்டறைக்கு ஒரு சின்னக் கார் வந்திருக்கிறது, நல்ல நிலையில் இருக்கிறது, அடியிலிருந்து முடிவரை நானே கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளலாமா, மறுபடி நீங்கள் ஓட்டலாம்பா என்றாள்.

அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“ஓட்டிட்டு எங்கம்மா போறது?” என்றார்.

அதில் கோபம் இல்லை. உண்மையாகவே யோசித்துப் பார்த்துவிட்டு, தெரியாமல் கேட்டதுபோலத்தான் இருந்தது. அவளும் யோசித்தாள். சொல்வதற்கு ஓர் இடமும் அவளுக்குத் தோன்றவில்லை.